ஏழாம் சட்டி

சினிமாவில் வெடி வைப்பது என் தொழில். என்னைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் இதைக் கேட்டதும் காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் கிளம்பிப் போயின. போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எட்டு வருஷமாக வெடி மாஸ்டரிடம் வேலை. இந்த எட்டு வருஷத்தில் எங்கள் வெடியால் ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்ததில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் நான்.

அன்றைக்கு எடுக்க இருந்தது அந்தப் படத்தின் பெரிய காட்சி. படத்தில் ஹீரோ வயதான சிப்பாய். சண்டை அலுத்துப்போய் துப்பாக்கியைப் பரண்மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிற மனிதர். வில்லன்கள் விடுவார்களா? இடைவேளைக்குள் முப்பத்தெட்டுப் பேரைத் தீர்த்துவிடுகிறார். இடைவேளைக்குப் பிறகுதான் அவருக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடு ஒரு சேற்று மைதானத்தின் குறுக்கே, இரண்டு பக்கமும் குண்டு விழ, அடிபட்டுக் கிடக்கும் கூட்டாளியை மீட்க ஓட வேண்டும். ஹீரோவுக்கு முழங்கால் வலி. மேடு ஏறவே இரண்டு பேர் தாங்க வேண்டும். அதனால் ஓடப்போவது அவர் இல்லை. என் அப்பா.

அது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். பத்து நாளைக்கு முன்னால் நான் வேலைக்குப் போடும் கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டேன். அப்பா கொண்டுவந்தார். கேட்டிலிருந்து எங்கள் கொட்டகை வரைக்கும் நூறு அடி இருக்கும். அந்த நூறு அடி அவர் நடந்ததை டைரக்டர் பார்த்துவிட்டார். அவர் ஒரு மாதமாக ஹீரோவுக்குச் சொல்லிக்கொடுத்துத் தோற்றுப்போன நடை அது. தோள் தளர்ந்திருக்கும், ஆனால் கழுத்து மட்டும் நிற்காமல் இடமும் வலமும் பார்த்துக்கொண்டே வரும். உயரமும் ஹீரோ உயரம்தான்.

"யாரும்மா அது? அந்த நடை எனக்கு வேணும்," என்றார்.

"அது என் அப்பா சார். நடையைத் தனியா கழட்டித் தர முடியாது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தோடு விட்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்கு அறுபத்தோரு வயது. பட்டாளத்தில் பதினெட்டு வருஷம் இருந்தவர், அதில் ஒரு போரும் பார்த்தவர். வீட்டில் ஒரு நாளைக்கு அவர் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேச வேண்டியதை எல்லாம் இஸ்திரிப் பெட்டியிடம் பேசிவிடுவார் போல. என் வேலைச் சட்டைகளுக்கு அவர் போடும் மடிப்பில் கை வைத்தால் வெட்டும். பட்டாசு வெடிக்கிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் வீட்டில் குக்கருக்குக்கூட முன்னறிவிப்பு உண்டு. "விசில் வரப்போகுதுங்க," என்று அம்மா குரல் கொடுத்த பிறகுதான் விசில் வரும். மகள் வெடி வைக்கிறாள், அப்பன் விசிலுக்கு நடுங்குகிறார் என்று நானே கேலி பேசியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பேசியிருக்கிறேன்.

ஆகவே அவர் மறுத்துவிடுவார் என்று நம்பினேன். அவரோ அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அங்க ஒம்பது வெடி. நெஜமா சத்தம் வரும்," என்றேன்.

"எப்ப வரும்னு தெரியுமில்ல?"

"தெரியும். எண்ணிக்கை இருக்கு."

"அப்ப சரிம்மா. தெரிஞ்ச சத்தம் ஒண்ணும் பண்ணாது. தெரியாத சத்தந்தான்."

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். "தடுக்காதடி. பத்து வருஷமா தெருமுனை தாண்டாத மனுசன், இன்னிக்கு உன் கண்ணாடிக்காகத் தாண்டினாரு, இப்ப தானா போறேங்கிறாரு. போயிட்டு வரட்டும்," என்றாள். அவள் கண்ணில் அப்படி ஒரு ஆசை. நான் வாயை மூடிக்கொண்டேன். டைரக்டரிடமும் மாஸ்டரிடமும் குக்கர் விசிலைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓட்டிவிட்டேன். அப்பாவை எல்லார் முன்னாலும் நோயாளி ஆக்க மனசு வரவில்லை.

இனி சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் சட்டி என்பது கனமான இரும்புக் கிண்ணம். தரையில் குழி தோண்டி அதை இறக்கி, அடியில் மருந்துப் பொட்டலம் வைத்து, மேலே தக்கைத் தூளும் மண்ணும் போட்டு நிரப்புவோம். மண்ணை இரண்டு முறை சலிக்க வேண்டும். ஒரு கல் தங்கிவிட்டால் அது தோட்டாவாகப் பாயும். வெடித்தால் தென்னை உயரத்துக்கு மண் எழும்பும். நாலடி தள்ளி ஓடுகிறவருக்கு ஒன்றும் ஆகாது. சட்டிமேலேயே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்பதை, நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், மாஸ்டர் ஒரு பூசணிக்காயை வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் பூசணிக்காய் சாப்பிடவில்லை.

ஒவ்வொரு சட்டியிலிருந்தும் ஒரு கம்பி எங்கள் மேஜைக்கு வரும். மேஜைமேல் ஆணிப் பலகை. ஒன்பது சட்டிக்கு ஒன்பது ஆணி, வரிசையாக. பேட்டரியிலிருந்து வரும் கம்பி ஒரு பித்தளைக் கோலில் முடியும். கோலால் எந்த ஆணியைத் தொடுகிறோமோ அந்தச் சட்டி வெடிக்கும். பலகையின் ஓரத்தில் ஒரு சாவி. சாவியை எடுத்துவிட்டால் பலகை செத்த மரம்.

மாஸ்டருக்கு மூன்று கட்டளைகள் உண்டு. ஆள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் கோலைத் தூக்கிவிட வேண்டும். தூக்கிய கோல் கொக்கியில் தொங்க வேண்டும். பலகையை விட்டு எழுந்தால் சாவியும் உன் பையில் எழுந்து வர வேண்டும். மூன்றாவதை மீறினால் அன்றைய வேலை அந்த இடத்திலேயே நிற்கும். மீறியவர் அப்புறம் ஆயுசுக்கும் பலகையைத் தொட முடியாது. மாஸ்டரின் சொந்தத் தம்பியே அப்படிப் போனவர்தான். இப்போது லாரி ஓட்டுகிறார்.

அன்று மாஸ்டர் மைதானத்தின் அந்தக் கோடியில் ஒரு வண்டியைக் கொளுத்த வேண்டியிருந்தது. பலகையை என்னிடம் விட்டார்.

"உங்கப்பாங்கிறதால கேக்குறேன். கை நடுங்குமா?"

"வேற யாரு கையிலயாச்சும் குடுத்தாத்தான் மாஸ்டர் எனக்கு நடுங்கும்," என்றேன். அது சத்தியமான வார்த்தை.

அப்பா ஓட வேண்டிய பாதையில் சின்னச் சின்னதாக வெள்ளைக் கற்கள் வைத்திருந்தோம். ஒவ்வொரு கல்லையும் அவர் தாண்டியதும் அவருக்குப் பின்னால் ஒரு வெடி. எண்ணிக்கை அவருக்கு மனப்பாடம். வெடி இல்லாமல் நாலு முறை ஒத்திகை பார்த்தோம். கடிகாரம் தோற்றது. கிழிந்த சட்டையும் முகத்தில் கரியுமாக அவர் என் மேஜையைக் கடந்து போகும்போது, "விசில் வரப்போகுதுப்பா," என்றேன் மெல்ல. அவர் சிரித்தார். அப்பா சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளங்கை வேர்த்து கோல் வழுக்கியது. இரண்டு தடவை பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன்.

பெரிய காற்றாடி சுழன்றது. புகை விட்டார்கள். டைரக்டர் குரல் வாக்கிடாக்கியில் வந்தது. அப்பா ஓட ஆரம்பித்தார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான் தொட்ட இடத்தில் மண் எழும்பியது. அப்பா கல்லுக்குக் கல் சரியாகக் கால் வைத்துப் போய்க்கொண்டிருந்தார். நான்கு. ஐந்து. ஐந்தாவது வெடித்தபோது காற்று திரும்பியது. காற்றாடி தள்ளிய புகை முழுவதும் மைதானத்தின் நடுவில் வந்து குவிந்தது. அப்பாவின் தலைத் தொப்பி மட்டும் தெரிந்தது. அது ஆறாவது கல்லைத் தாண்டியதைப் பார்த்தேன். ஆறாவது ஆணியைத் தொட்டேன். அதே நொடியில் அந்தக் கோடியில் மாஸ்டரின் வண்டி டமாரென்று பிடித்துக்கொண்டது. வண்டி எட்டாவது சட்டிக்குப் பிறகு பிடிக்க வேண்டியது. அவசரப்பட்டுவிட்டது. எண்ணிக்கையில் இல்லாத சத்தம் அது. அப்பாவுக்குத் தெரியாத சத்தம்.

தொப்பி மறைந்தது.

கோலை ஆணிக்கு மேலே ஒரு விரல் தூரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஏழாவது கல்லில் அவர் தெரிய வேண்டும். தெரியவில்லை.

"ஏழு! ஏழு எங்க? நிறுத்தாத, அடி!" என்று டைரக்டர் கத்தினார்.

"ஆள் தெரியல சார்."

"ஓடிட்டுத்தான் இருப்பாரு! அடிம்மா! புகை போயிடும்!"

 அடிக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. பிறகு கோலைத் தூக்கிவிட்டேன். வாக்கிடாக்கி காதில் கேட்கக்கூடாத வார்த்தைகளால் என்னைத் திட்டியது. புகை ஒரு ஓரமாகக் கிழிந்தது. அந்தக் கிழிசலில் ஒரு பூட்ஸ் தெரிந்தது. பூட்ஸின் நுனி மண்ணில் குத்தி நின்றது. பாதையிலிருந்து நாலடி தள்ளி.

ஏழாம் சட்டிமேல் என் அப்பா குப்புறப் படுத்திருந்தார்.

ஏன் அங்கே போனார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மைதானம் முழுக்க மேலே சேறு, அடியில் கெட்டித் தரை. நாங்கள் சட்டி வைத்த இடங்கள் மட்டும் லேசாகப் பள்ளம் விழுந்து, மண் பொலபொலவென்று இருக்கும். குண்டு விழும்போது சிப்பாயின் கண் தேடுவது அந்த மாதிரி இடத்தைத்தான். பள்ளமும் மெத்து மண்ணும் கிடைத்தால் அவன் உயிர் அங்கே பாதி பத்திரம். யாருக்கும் ஆபத்து வரக்கூடாதென்று நான் சலித்துச் சலித்துப் போட்ட மண், அவருக்கு ஒளிய இடம் காட்டிவிட்டது. வேறு எந்த டூப் நடிகரும் அந்தப் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்.

எழுந்தேன். ஓடினேன். என் பெயரை யாரோ கூப்பிட்டார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கட் சொல்லவில்லை. புகைக்குள் தட்டுத்தடுமாறி, "அப்பா, அப்பா," என்று கத்திக்கொண்டு போனேன். பக்கத்தில் போனதும் ஒரு கை என் கணுக்காலைப் பிடித்து இழுத்தது. பொத்தென்று விழுந்தேன். மூச்சு விடுவதற்குள் என்னைப் புரட்டி அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி, தன் முழு உடம்பாலும் என்மேல் கவிந்துகொண்டார். ஒரு உள்ளங்கை என் வாயைப் பொத்தியது.

"சத்தம் போடாத தம்பி. தலைய தூக்காத," என்றார் என் காதில்.

தம்பி என்றார். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். கண்கள் என்மேல்தான் இருந்தன, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. முப்பத்து மூன்று வருஷம் என்னைப் பார்த்த கண்கள்.  வெடியைவிட அந்தக் கண்களைக் கண்டுதான் முதலில் பயந்தேன்.

என் முதுகுக்கு அடியில் தக்கைத் தூள் நறநறவென்றது. பரவாயில்லை, சாவி என்னிடம் இருக்கிறது, பலகை செத்துக் கிடக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பையைத் தடவினேன். இன்சுலேஷன் டேப் இருந்தது. பேனா இருந்தது. டீ டோக்கன் இருந்தது. அடுத்த பையிலும் துழாவினேன். சாவி இல்லை.

சாவி பலகையிலேயே இருந்தது.

கோலையும் கொக்கியில் மாட்டவில்லை. மேஜைமேல் போட்டுவிட்டு வந்திருந்தேன். அது பலகையில் விழுந்து உருண்ட சத்தம் இப்போதுதான் எனக்குக் கேட்டது. எட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட மறக்காததை அப்பாவின் பூட்ஸ் நுனியைப் பார்த்து மறந்துவிட்டேன். வெடித்து முடிந்த ஆறு ஆணிகளின்மேல் கோல் கிடந்தால் சரி. இன்னும் ஒரு சுற்று உருண்டால் ஏழு. அந்த மேஜை சமதரையில் இல்லை, ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகியிருந்தேன். அதன்மேல்தான் வாக்கிடாக்கி கிடந்து அதிர்ந்துகொண்டிருக்கும். டைரக்டர் கத்தக் கத்த அது நடுங்கும். அவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவர் குரல் தூரத்தில் கேட்டது. சார், தயவுசெய்து வாயை மூடுங்கள், வாயை மூடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அப்பாவைத் தள்ளிப் பார்த்தேன். அறுபத்தோரு வயது மனிதர் பாறையாக இருந்தார். முகத்தைத் திருப்பப் பார்த்தேன். கை விடவில்லை. கடைசியில் அந்த உள்ளங்கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். கை விலகியது.

"அப்பா, நமக்கு அடியில வெடி இருக்கு. எந்திரிங்க. எந்திரிச்சு ஓடுங்க!"

நான் செய்த இரண்டாவது தப்பு அது. உண்மையைச் சொன்னால் எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறத்தான் செய்தது. படபடப்பு போய், அமைதி வந்துவிட்டது. கையை மெல்ல எனக்கு அடியில் விட்டு மண்ணைத் தடவினார். விரல்கள் கம்பியைத் தொட்டதும் நின்றன.

"ஆமா. இருக்கு," என்றார். "அசையாத. நான் சொல்றப்ப மட்டும் அசை. எடை குறையக் கூடாது. நீ இந்தப் பக்கமா நழுவு. நீ நழுவுற எடத்துல நான் வர்றேன்."

"இது மிதிவெடி இல்லப்பா! சினிமா வெடி! எடை எல்லாம் ஒண்ணுமில்ல, நீங்களும் வாங்க!"

"நழுவுடா."

"அப்பா, நான்தான்பா. என்னைப் பாருங்க."

"பேசுறதுக்கு நேரமில்ல தம்பி. உனக்கு வயசு இருக்கு. நழுவு."

அழுதேன். கெஞ்சினேன். அவர் நெஞ்சை இம்மி இம்மியாக நகர்த்தி, நான் காலி செய்யும் இடத்தில் எல்லாம் தன்னை வைத்து அழுத்தினார். கடைசியில் சட்டியின் வாய் முழுக்க அவருடைய மார்புக்கு அடியில் இருந்தது. அவரை இழுக்க என் தெம்பு போதாது. சொல்லிப் புரியவைக்கவும் வழி இல்லை. ஒரே வழி சாவி. அதற்கு நான் அவரை அந்தச் சட்டிமேல் விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"போடா," என்றார்.

போனேன்.

அறுபதடி இருக்கும் மேஜைக்கு. அவ்வளவு தூரமும் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வரும் வரும் என்று முதுகுத்தோல் சுருங்கிக்கொண்டே வந்தது. மேஜை தெரிந்தது. பலகை தெரிந்தது. கோல் ஆறாவது ஆணியின்மேல் சாய்ந்து கிடந்தது. அதன் முனைக்கும் ஏழாவது ஆணிக்கும் நடுவில் ஒரு நெல் போகும் இடைவெளி. வாக்கிடாக்கி "அவ எங்க போறா?" என்று அலறியது. கோல் நடுங்கியது. அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. சாவியைத் திருகி உருவினேன். உருவிய பிறகும் நம்பிக்கை வராமல் பேட்டரிக் கம்பியையும் பிடுங்கி எறிந்தேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிமிர்ந்தபோது மாஸ்டர் எதிரில் நின்றார். அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். கிடந்த கோலைப் பார்த்தார்.  அவருக்குத் தெரிந்துவிட்டது. கோலை எடுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

நான் அப்பாவிடம் திரும்ப ஓடினேன். அவர் அப்படியே படுத்திருந்தார். பக்கத்தில் மண்டியிட்டுச் சாவியைக் காட்டினேன். "எடுத்துட்டேன்பா. இனிமே வெடிக்காது. வாங்க."

"ஏன்டா திரும்பி வந்தே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "போடா!"

"போக மாட்டேன்." அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? அவர் தோளில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். தோள் விறைத்திருந்தது.

அப்போதுதான் டைரக்டர் கட் சொன்னார்.  பிறகு கைதட்டல். நூறு பேர் கைதட்டினார்கள். யாரோ விசில்கூட அடித்தார்கள். அப்பா தலையைத் தூக்கினார். போரில் எவனும் கைதட்டுவதில்லை. அவர் கைதட்டுகிற கூட்டத்தைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெல்ல மெல்ல அந்தக் கண்களுக்குள் என் அப்பா வந்து சேர்ந்தார்.

"நீயாம்மா?" என்றார். தன் உள்ளங்கையில் இருந்த பல் தடத்தைப் புரியாமல் பார்த்துக்கொண்டார்.

டைரக்டர் சேற்றில் ஓடிவந்தார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "ஐயா, நடிப்பா இது! சொல்லிக்கொடுத்து வர்றதா இது! பொண்ணு வந்தது ஃபிரேம்ல விழுந்துடுச்சு, அதான் கொறை. இன்னொரு டேக் போயிடலாம். அதே மாதிரி குப்புற விழுங்க. இந்த தடவை ஏழையும் அடிச்சிடலாம், பக்கத்துல வேற குழி தோண்டி."

அப்பா எழுந்தார். சட்டையில் ஒட்டிய தக்கைத் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். கால்கள் தள்ளாடின. ஆனால் மேலதிகாரி சொல்லிவிட்டார்.

"சரி சார்," என்றார். முதல் கல்லை நோக்கி நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

என்னைவிட மாஸ்டர்தான் வெலவெலத்துப் போனார். "நாளைக்கு வெச்சுக்கலாமே சார்," என்றார். டைரக்டர் கேட்கிற மாதிரி இல்லை. வெளிச்சம் போய்விடும், சட்டிகளை உடனே நிரப்புங்கள் என்றார். நான் சொல்லலாம், என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று. அவரே இல்லை என்பார். இரண்டு காலில் நின்று, நான் தயார் சார் என்பார். அவரை நிறுத்த எனக்கு ஒரே ஒரு வழி இருந்தது. மாஸ்டர் அதை என் முகத்தில் படித்துவிட்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். நான் வாயைத் திறந்தால் எனக்கு என்ன போகும் என்று அவருக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும். அந்தப் பலகையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது.

"மாஸ்டர்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "சாவி பலகையில இருந்துச்சு. கோலும் பலகை மேலேயே. நான் எடுக்காம ஓடிட்டேன். ஏழாவது உயிரோடதான் இருந்துச்சு, அவரு அது மேல படுத்திருந்தப்ப."

 டைரக்டரின் வாய் திறந்தபடி நின்றது. அவர் அந்தப் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. கைதட்டிய சிலர் தங்கள் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் விட்டுக்கொண்டார்கள்.

மாஸ்டர் கையை நீட்டினார். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "இன்னிக்கு வேலை முடிஞ்சுது," என்றார் எல்லோரிடமும்.  சட்டிகளைக் கழற்ற அவர் குனிந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போகும் வேனில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்பா முகத்தில் கரி அப்படியே இருந்தது. நான் அழுது முடித்திருந்தேன். 

"எனக்காகவா வேலைய விட்டே?" என்றார்.

"நான் விடலப்பா. தப்பு பண்ணேன், போச்சு. உங்கள கொன்னிருப்பேன்." அவர் உள்ளங்கையில் இருந்த என் பல் தடத்தைப் பார்த்தேன். "உங்கள அது மேல விட்டுட்டு ஓடினேன். போடான்னீங்க, ஓடிட்டேன்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

"எனக்கு இருபத்திரெண்டு வயசு அப்ப. மிதிவெடிய மிதிச்சது நான். பட்டாளத்துல கூட இருந்த அண்ணன் ஒருத்தரு என்னை நழுவச் சொல்லிட்டு, என் எடத்துல படுத்துக்கிட்டாரு. உனக்கு வயசு இருக்கு, போடா தம்பின்னாரு. ஆள் கூட்டிட்டு வர்றேண்ணேன்னு சொல்லிட்டுத்தான் ஓடினேன்."

வேன் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அப்பா கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் பேசப்போவதைக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. இருந்தும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ திரும்பி வந்துட்டேம்மா," என்றார். "நான் போகல."